கிரியாட்டினின் எண்ணைத் தனியே படிக்கலாகாது

இரத்தப் பரிசோதனைச் சீட்டு முன்னாளில் பெருநகர மருத்துவமனைகளில் மட்டுமே காணப்பட்ட பொருள். இன்று அது சிற்றூர் வீடுகளிலும் இடம் பெற்றுவிட்டது. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் பரவியுள்ள நிலையில், அச்சீட்டில் ‘கிரியாட்டினின்’ என்ற சொல்லும், அதற்கு எதிரே ஓர் எண்ணும், அருகே இயல்பான அளவு இன்னது என்ற குறிப்பும் பெரும்பாலும் காணப்படுகின்றன. எண் அவ்வெல்லைக்குள் இருந்தால் சிறுநீரகம் நலமாயுள்ளது என்றும், எல்லையைத் தாண்டினால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றும் மக்கள் கொள்கின்றனர். சீட்டைப் படித்துச் சொல்லுமாறு கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ கொண்டு வருகின்றனர். அவர்களும் பல வேளைகளில் அவ்வாறே கூறிவிடுகின்றனர்.

இவ்விரு முடிவுகளும் தவறாகக் கூடும். இரண்டனுள் முதலாவது தவறே மிகுந்த கேடு விளைப்பது. மெலிந்த உடலுடைய உழைப்பாளிகளுக்கும், முதியோருக்கும், பெண்களுக்குமே அக்கேடு பெரிதும் நேர்கிறது. ஆகவே இந்த எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் இன்றியமையாதது.

ஒத்த ஒலியுள்ள மூன்று பெயர்கள்

முதலில் பெயர்க் குழப்பத்தை நீக்குதல் நலம். கிரியாட்டின், கிரியாட்டினின், கிரியாட்டின் கைனேஸ் என்னும் மூன்றும் வெவ்வேறு பொருள்கள்.

கிரியாட்டின் என்பது தசைகளில் உடனடிச் சக்தியைச் சேமித்து வைக்க உதவும் பொருள். பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரல் 1832-இல் இதனை இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இப்பெயர் அமைந்தது. சுமார் 70 கிலோகிராம் எடையுள்ள ஆணின் உடலில் ஏறக்குறைய 120 கிராம் கிரியாட்டின் இருக்கும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தசைகளிலேயே உள்ளது. உடல் தானே இதில் ஒரு பகுதியை உண்டாக்கிக் கொள்கிறது. மற்றொரு பகுதி இறைச்சி, மீன் ஆகிய உணவுகளின் வழியாகச் சேர்கிறது.

கிரியாட்டினின் என்பது கிரியாட்டின் சிதைவதால் உண்டாகும் கழிவு. தசையிலுள்ள கிரியாட்டினில் நாள்தோறும் நூற்றுக்கு ஏறக்குறைய 1.7 பங்கு தானாகவே கிரியாட்டினினாக மாறுகிறது. அவ்வாறு மாறியது உடலுக்குப் பயன்படாது. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. சீட்டில் காணப்படும் எண் இக்கழிவின் அளவே.

கிரியாட்டின் கைனேஸ் என்பது தசைச் செல்களுக்குள் இருக்கும் ஒரு நொதி. சீட்டில் இது சி.கே. அல்லது சி.பி.கே. என்று குறிக்கப்படும். தசை நசுங்கினாலோ, கடும் உழைப்பாலும் வெப்பத்தாலும் சிதைந்தாலோ இந்நொதி இரத்தத்தில் பெருகும். இது சிறுநீரகப் பரிசோதனை அன்று. எனினும் தசை பெருமளவு சிதையும்போது வெளிப்படும் பொருள்கள் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். வெயிலில் கடுமையாக உழைத்தவரின் சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்திருந்தால் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்க கணக்கு

கிரியாட்டினின் எண் எவ்வாறு அமைகிறது என்பதை ஐந்தாம் வகுப்புக் கணக்கைக் கொண்டே விளக்கலாம். ஒரு தொட்டியில் ஒரு குழாய் வழியே நீர் விழுகிறது. மற்றொரு வழியே வெளியேறுகிறது. தொட்டியில் நிற்கும் நீரின் உயரம் இவ்விரண்டையும் பொறுத்தது. உயரத்தை மட்டும் பார்த்து, வெளியேறும் வழி அடைபட்டுள்ளதா என்று கூற இயலாது. விழும் நீரின் அளவும் தெரிந்திருக்க வேண்டும்.

உடலில் விழும் நீருக்கு ஒப்பானது தசை உண்டாக்கும் கிரியாட்டினின். வெளியேறும் வழிக்கு ஒப்பானது சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன். நல்ல உடற்கட்டுள்ள ஓர் ஆணின் தசைகள் ஒரு நாளில் 1,500 மில்லிகிராம் கிரியாட்டினினை உண்டாக்குவதாகக் கொள்க. அவருடைய சிறுநீரகங்கள் ஒரு நாளில் 150 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன எனில், ஒவ்வொரு லிட்டரிலும் 10 மில்லிகிராம் இருந்தால்தான் வரவும் செலவும் சமமாகும். அதாவது 100 மில்லிலிட்டருக்கு 1.0 மில்லிகிராம். சீட்டில் அந்த எண்ணே காணப்படும். நோயினால் வடிகட்டும் திறன் பாதியாகி 75 லிட்டருக்கு இறங்கினால், இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறிக்கொண்டே சென்று 2.0-இல் நிலைகொள்ளும். அந்நிலையிலும் நாளொன்றுக்கு வெளியேறுவது அதே 1,500 மில்லிகிராமே. எண் இயல்பெல்லையைத் தாண்டிவிட்டமையால் நோய் கண்டறியப்படும்.

அடுத்து, 40 கிலோகிராம் எடையுள்ள, மெலிந்த, இறைச்சி உண்ணாத ஒரு கூலிப் பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய தசைகள் நாளொன்றுக்கு 750 மில்லிகிராமே உண்டாக்குகின்றன. கணக்கு எளிதாகும் பொருட்டு அவருடைய சிறுநீரகங்களும் 150 லிட்டரை வடிகட்டுவதாகக் கொண்டால், நலமாயிருக்கும் காலத்தில் அவருடைய எண் 0.5. வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்த பின்னர் அது 1.0. சீட்டில் பெண்களுக்கான இயல்பளவு 0.6 முதல் 1.1 வரை என்று அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே, சிறுநீரகத்தின் திறனில் பாதியை இழந்த அப்பெண்ணுக்கு ‘இயல்பு’ என்ற சொல்லே கிடைக்கிறது. அவர் மன நிறைவோடு வீடு திரும்புகிறார். நோயோ நிற்காமல் முன்னேறுகிறது.

எண்ணைத் தனியே படிக்கலாகாது என்பதன் பொருள் இதுவே. ஆய்வுக்கூடம் அளந்ததில் பிழை ஏதும் இல்லை. பலருக்கும் பொதுவாக வகுத்த எல்லையை ஒருவருடைய உடலைக் கவனியாமல் பொருத்தியதே பிழை.

மதிப்பீட்டு வாய்ப்பாடும் அதன் எல்லையும்

இக்குறையைப் போக்குவதற்காகவே வயதையும் பாலினத்தையும் சேர்த்து வடிகட்டும் வேகத்தை மதிப்பிடும் வாய்ப்பாடுகள் உருவாயின. 1976-இல் காக்ராஃப்ட், கால்ட் என்னும் இருவர் வெளியிட்ட வாய்ப்பாடு நெடுங்காலம் வழங்கியது. 2009-இலும் 2021-இலும் மேலும் திருந்திய வாய்ப்பாடுகள் வெளிவந்தன. இவற்றின் விடையே சீட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்று குறிக்கப்படுகிறது. நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று அதனைப் படிக்க வேண்டும். அது 90-க்கு மேல் இருப்பது இயல்பு. மூன்று மாதங்களுக்கு மேலாக 60-க்குக் கீழ் இருப்பது நாட்பட்ட சிறுநீரக நோயைக் காட்டும். 15-க்குக் கீழ் இறங்குவது இறுதி நிலை.

இவ்வாய்ப்பாட்டின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 25 வயது ஆண் ஒருவருக்கும் 65 வயதுப் பெண் ஒருவருக்கும் கிரியாட்டினின் 1.1 என்றே வந்துள்ளது. 2021-ஆம் ஆண்டு வாய்ப்பாட்டின்படி அந்த ஆணின் வடிகட்டும் வேகம் 96, அப்பெண்ணினுடையது 56. ஒரே எண் ஒருவருக்கு நலத்தையும் மற்றவருக்கு எச்சரிக்கையையும் குறிக்கிறது. இக்கணக்கைச் செய்வதற்கு வேறு இரத்தமோ வேறு மருந்தோ தேவையில்லை. வயதும் பாலினமும் சீட்டிலேயே உள்ளன. அவ்வாறிருந்தும் பல சீட்டுகளில் இவ்விடை அச்சிடப்படாதிருப்பது வருந்தத்தக்கது.

எனினும் வாய்ப்பாடும் முற்றிலும் நம்பத்தக்கது அன்று. 2021-ஆம் ஆண்டு வாய்ப்பாட்டில் எடையோ தசையின் அளவோ இடம்பெறவில்லை. ஒரே வயதுடைய பருத்த பெண்ணுக்கும் மெலிந்த பெண்ணுக்கும் அது ஒரே விடையைத் தருகிறது. அன்றியும், அது பெரும்பாலும் மேலை நாட்டினரிடம் திரட்டிய விவரங்களிலிருந்து பிறந்தது. தசை குறைந்தும் இறைச்சி உணவு குறைந்தும் காணப்படும் தெற்காசிய மக்களிடம் அது உண்மையைவிடக் கூடுதலான திறனைக் காட்டக்கூடும் என்பதைச் சண்டிகரிலும் கராச்சியிலும் நடந்த ஆய்வுகள் புலப்படுத்தியுள்ளன. சிஸ்டாட்டின்-சி என்னும் புரதத்தை அளத்தல் இதற்கு ஒரு மாற்று. தசையின் அளவு அதனை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆயினும் அதற்குச் செலவு மிகுதி. எல்லா இடங்களிலும் அது கிடைப்பதுமில்லை.

எண் உயர்ந்திருப்பதால் மட்டும் அஞ்சலாகாது

இரண்டாவது தவறு, உயர்ந்த எண்ணைக் கண்டவுடன் நோய் என்று முடிவு செய்வது. உடற்பயிற்சியால் தசை பெருத்த இளைஞருக்கு எண் சற்று உயர்ந்தே இருக்கும். உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞர் சிலர் கிரியாட்டின் தூளை உட்கொள்கின்றனர். அதில் ஒரு பகுதி கிரியாட்டினினாக மாறுவதால், சிறுநீரகத்துக்குக் கேடில்லாத நிலையிலும் எண் உயரக்கூடும். சமைத்த இறைச்சியை மிகுதியாக உண்ட சில மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்தாலும் இவ்வாறே நேரும். டிரைமெத்தொப்ரிம் போன்ற சில மருந்துகள், வடிகட்டும் வேகத்தைக் குறைக்காமலேயே கிரியாட்டினின் வெளியேறுவதைத் தடுத்து எண்ணை உயர்த்துகின்றன.

அளக்கும் முறையும் கவனிக்கற்பாலது. 1886-இல் மாக்ஸ் யாஃபே என்னும் ஜெர்மானிய அறிஞர், காரக் கரைசலில் பிக்ரிக் அமிலத்தோடு கிரியாட்டினின் சேர்ந்தால் செம்மஞ்சள் நிறம் தோன்றுவதைக் கண்டார். மலிவானதாகையால் இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் அம்முறையே வழங்குகிறது. ஆனால் கட்டுக்கடங்காத சர்க்கரை நோயில் தோன்றும் கீட்டோன்களும், சில மருந்துகளும் அதே நிறத்தைத் தந்து எண்ணை உயர்த்திக் காட்டும். மஞ்சள் காமாலையில் மிகும் பிலிருபினோ எண்ணைத் தாழ்த்திக் காட்டும். நொதிமுறைப் பரிசோதனையில் இக்குறைகள் மிகக் குறைவு. ஒருவருடைய பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே முறையில் அளக்கப்பட்டனவா என்று கேட்டறிய வேண்டுவது இதனாலேயே.

மேலும், வயிற்றுப்போக்கினாலோ கோடை உழைப்பினாலோ உடலில் நீர் வற்றியிருக்கும்போது எண் விரைவில் உயரும். தக்க சிகிச்சையால் பெரும்பாலும் அது மீளும். எண் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கும் அந்நிலையில் வாய்ப்பாடு பொருந்தாது. ஆனால் அதனை அற்பமெனத் தள்ளுதலும் கூடாது. இரண்டு நாட்களுக்குள் 0.3 அளவு உயர்ந்தாலும் அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பாகக் கருதி மருத்துவரிடம் அனுப்பத்தக்கது.

சிறுநீர் சொல்லும் சான்று

இரத்தத்தோடு சிறுநீரையும் சோதித்தாலன்றி முடிவு நிறைவு பெறாது. நலமான சிறுநீரகம் ஆல்புமின் என்னும் புரதத்தை வெளியே விடுவதில்லை. வடிகட்டி பழுதுபடும்போது அது சிறுநீரில் கசிகிறது. சர்க்கரை நோயாளிகளிடம் இரத்தத்தின் எண் உயர்வதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இக்கசிவு தோன்றக்கூடும்.

இங்கும் கிரியாட்டினின் துணை நிற்கிறது. நிறைய நீர் பருகியவரின் சிறுநீர் நீர்த்திருக்கும். அதில் ஆல்புமினின் செறிவும் குறைந்து தோன்றும். ஆனால் கிரியாட்டினினும் அதே அளவுக்கு நீர்த்திருக்கும். ஆகவே ஆல்புமினைக் கிரியாட்டினினால் வகுத்தால், பருகிய நீரின் வேறுபாடு நீங்கிவிடும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் ஆல்புமின் இருப்பது இயல்பு. 300-க்கு மேல் இருப்பது கடுமை. விடியற்காலையில் கழிக்கும் முதற் சிறுநீர் இதற்கு மிகவும் ஏற்றது. இவ்விகிதத்திலும் தசையின் செல்வாக்கு உண்டு. மெலிந்தவரிடம் கிரியாட்டினின் குறைவாதலால் விகிதம் சற்றுக் கூடுதலாகத் தோன்றும். கடும் உடற்பயிற்சி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றின்போதும் ஆல்புமின் மிகலாம். ஆகவே ஒருமுறைப் பரிசோதனையோடு முடிவு செய்யாது மீண்டும் சோதித்தல் வேண்டும்.

மெலிந்தவர், கால் இழந்தவர், தசை நோயுற்றவர் ஆகியோருக்கு 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளக்கும் பழைய முறை இன்றும் பயனுள்ளது. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரை விலக்கி, அது முதல் மறுநாள் காலை முதற் சிறுநீர் வரை ஒரு துளியும் விடாது சேர்க்க வேண்டும். சிறுநீரில் உள்ள செறிவை நிமிடத்துக்குச் சுரந்த சிறுநீரின் அளவால் பெருக்கி, இரத்தத்தில் உள்ள செறிவால் வகுத்தால் சிறுநீரகத்தின் நீக்குதிறன் கிடைக்கும். சிறுநீரில் 100, நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர், இரத்தத்தில் 1 எனில் விடை 100. இம்முறையில் ஒருவருடைய தசையின் அளவு கணக்கிலேயே அடங்கிவிடுகிறது. சேகரிப்பு குறைந்தால் விடை தவறும்.

செய்யத்தக்கவை

இப்பொருளின் அவசியத்தை உணர ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்திலுள்ள உத்தானம் பகுதியை நினைத்தல் போதும். தென்னையும் முந்திரியும் செழித்த அப்பகுதியில், சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ முன்பு இல்லாத உழவர் பலரையும் நாட்பட்ட சிறுநீரக நோய் பற்றியுள்ளது. இவ்வகை நோயில் சிறுநீரில் புரதம் பெரும்பாலும் மிகுதியாகக் கசிவதில்லை. சிறுநீரை மட்டும் சோதித்தால் நோய் தப்பிவிடும். மெலிந்த உழைப்பாளியிடம் இரத்தத்தின் எண்ணை மட்டும் பார்த்தாலும் தப்பிவிடும். இரண்டையும் ஆளோடு சேர்த்துப் பார்த்தலே வழி.

ஆகவே சில செயல்கள் உடனே மேற்கொள்ளத்தக்கவை. ஆய்வுக்கூடங்கள் யாவும் கிரியாட்டினின் எண்ணோடு இ.ஜி.எஃப்.ஆர். விடையையும், அளந்த முறையின் பெயரையும் சீட்டில் அச்சிடுதல் வேண்டும். களப்பணியாளர் எடை, உணவு, உட்கொள்ளும் மருந்து, அண்மை நாட்களின் உழைப்பு ஆகிய நான்கையும் கேட்டுச் சீட்டின் ஓரத்தில் எழுதுதல் வேண்டும். ஐயம் தோன்றுமிடத்துச் சிறுநீர் ஆல்புமின் பரிசோதனையும், மூன்று மாதங்களுக்குப் பின் மறு பரிசோதனையும் நடைபெற வேண்டும். பழைய சீட்டுகளை எறியாது பாதுகாக்குமாறு குடும்பத்தாரிடம் வற்புறுத்த வேண்டும். ஏனெனில் 0.5-லிருந்து 0.9-க்கு ஏறியிருப்பதைப் பழைய சீட்டு ஒன்றே காட்டும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் கூறப்படலாம். நோயை முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பாகையால் களப்பணியாளர் அதில் தலையிடலாகாது என்பது ஒன்று. அது உண்மையே. ஆனால் ‘இயல்பு’ என்று சொல்லி ஒருவரைத் திருப்பியனுப்புதலும் ஒரு முடிவே. அம்முடிவைச் சொல்லாமல், வேண்டிய விவரங்களைத் திரட்டி மருத்துவரிடம் சேர்ப்பிப்பதே இங்கு வேண்டப்படுகிறது. மதிப்பீட்டு விடையை அச்சிட்டால் முதியோர் பலர் வீணே அஞ்சுவர் என்பது மற்றொன்று. இதிலும் ஓரளவு உண்மை உண்டு. வயது ஏற ஏற வடிகட்டும் வேகம் குறைவது இயற்கை. 56 என்ற விடை உடைய மூதாட்டிக்குச் சிறுநீரில் ஆல்புமின் இல்லை, பல ஆண்டுகளாக எண்ணும் மாறவில்லை எனில் கலக்கம் கொள்ள ஏதும் இல்லை. ஆயினும் வலி நிவாரண மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்பதை அவர் நிறுத்த வேண்டும். மருத்துவர் தரும் சில மருந்துகளின் அளவும் குறைக்கப்பட வேண்டியிருக்கும். அச்சத்தைப் போக்கத்தக்கது விளக்கமே. விடையை மறைப்பதால் அப்பயன் விளையாது.

2016-இல் பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டம் தொடங்கப்பட்டதன் பயனாக, மாவட்ட மருத்துவமனைகளில் இரத்தச் சுத்திகரிப்பு ஏழைகளுக்கும் கிடைக்கிறது. அது போற்றத்தக்க உதவியே. எனினும் வாரத்தில் இருமுறை அல்லது மும்முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டிய கூலித் தொழிலாளியின் குடும்பம் அன்றைய கூலியையும் வழிச்செலவையும் இழக்கிறது. நோயைத் தொடக்கத்தில் கண்டால், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தி, தக்க மருந்துகளால் அந்நிலை வருவதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட இயலும். பலருக்கு வராமலே தடுக்கவும் கூடும்.

இவ்வாய்ப்பு முதற் சீட்டைப் படிக்கும்போதே தோன்றுகிறது. அப்போதே தவறியும் போகிறது. தொட்டிக் கணக்கை ஒருமுறை செய்து பார்த்த மாணவன் தன் தாயின் சீட்டைப் பார்க்கும்போது எண்ணை மட்டும் பார்க்கமாட்டான். தாயின் மெலிந்த உடலையும் பார்ப்பான். களப்பணியாளரும் அவ்வாறு பார்க்கத் தொடங்கினால், ‘இயல்பு’ என்ற ஒரு சொல்லால் இன்று கைவிடப்படுவோர் பலர் உரிய காலத்தில் மருத்துவரை அடைவர்.